அறுபத்தொரு குழாய்கள்

குளிர்பெட்டி அமைச்சகத்துடையது.
அதற்கு வரும் மின்சாரம் சுரங்க நிறுவனத்துடையது.
உள்ளே இருந்த ரத்தம்
அறுபத்தொரு பிள்ளைகளுடையது.

வில்காபுக்யோ.
பெருவின் மலையுச்சியில், மேகத்துக்குக் கொஞ்சம் மேலே
ஒரே ஒரு செவிலி உள்ள ஊர்.
எவாரிஸ்தா கன்தோரி
ஒவ்வொரு குழாயிலும் பெயரும் வயதும் எழுதி ஒட்டியிருந்தாள்.
ஈயம் எவ்வளவு என்று
லீமாவில் பார்த்துச் சொல்வார்கள்.

ஆகஸ்டில் நான்கு நாள் மின்சாரம் இல்லை.
இரவில் வெளியே உறைபனி,
பகலில் தகரக் கூரை பழுத்தது.
பெரெக்ரினோ கழுதையோடு மேலே போய்
கம்பளியில் சுற்றிப் பனிக்கட்டி கொண்டுவந்தான்.
முன்பு அரை நாள் தூரத்தில் கிடைத்த பனி,
இப்போது ஒன்றரை நாள்.
அவன் வந்து சேர்ந்தபோது
கம்பளி நனைந்திருந்தது.

லீமா ஆய்வகம் எழுதியது:
குளிர்ச்சி அறுபட்டதால் மாதிரிகள் ஏற்கப்படவில்லை.
அமைச்சகம் எழுதியது:
பெட்டியில் பழுது ஏதுமில்லை.
நிறுவனம் எழுதியது:
மின்சாரம் நல்லெண்ணத்தால் தரப்படுவது,
ஒப்பந்தத்தால் அல்ல.
(கூடவே ஒரு புகைப்படம்.
நீலநிறப் பள்ளிப் பைகள். எண்ணிப் பார்த்தாள்:
அறுபத்தொன்று.)

தலைமையகம் ஓர் ஏரிக்கரை நகரத்தில்.
அந்த நாட்டில் சுரங்கமே கிடையாது,
ஏரித் தண்ணீரை அப்படியே குடிக்கலாமாம்.
அதன் அரசும் பதில் போட்டது, மரியாதையாக, கனத்த தாளில்:
வில்காபுக்யோவில் இயங்குவது துணை நிறுவனம்.
சட்டத்தின் பார்வையில்
அது வேறொரு நபர்.

எவாரிஸ்தா இரண்டு முறை படித்தாள்.
நபர் என்றால்
வரச் சொல்லுங்கள்,
சட்டைக் கையை மடக்கி உட்காரட்டும்.
எடுத்துப் பார்த்துவிடலாம்.

என் மொழியில் பொருப்பு என்றால் மலை.
பொறுப்பு, வேறு.
ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம்.
சின்ன ர-வை
முப்பது ஆண்டில் வெட்டி அரைத்துக் கப்பலேற்றிவிட்டார்கள்.
நான் இதை எழுதும் கருவிக்குள்
அதில் ஒரு சிட்டிகை இருக்கலாம்.
பெரிய ற-வை எந்தக் குழியில் கொட்டினார்கள்
தெரியவில்லை.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள் எங்களில்.
இவர்கள் பொறுத்தார்கள்.
பூமியை ஆள
வேறு ஆள் வந்தது.

அக்டோபரில் மறுபடி ஊசி.
இரண்டு குடும்பங்கள் ஊரைவிட்டுப் போய்விட்டதால்
ஐம்பத்தாறு பேர்.
ஏழு வயது யோனெல் கையை நீட்டவில்லை.
போன தடவை கொடுத்தது என்ன ஆச்சு?
அவள் ரப்பர் பட்டையைத் தேடுவதுபோல
மேசை இழுப்பறையைத் திறந்தாள்.
பட்டை அவள் தோளில்தான் கிடந்தது.

இந்த முறை தாய்மார்கள் காசு சேர்த்து
லாரி பாட்டரி ஒன்று வாங்கியிருந்தார்கள்.
அதற்குள்ளும் ஈயம்தான்.
யாரும் அதைச் சொல்லவில்லை.
பெட்டி இரவெல்லாம் உறுமியது,
அவர்கள் முறைவைத்துப் பக்கத்தில் படுத்தார்கள்.

மூன்றே வாரத்தில் வந்தது அமைச்சகத்தின் கடிதம்.
அத்தனை விரைவாக
எதுவும் அந்த ஊருக்கு வந்ததில்லை.
அரசு உடைமையில் அனுமதியின்றி
வெளிக்கருவி இணைக்கப்பட்டுள்ளது.
கீழே ஒரு கேள்வி, எதிரே ஒரு கோடு:
இதற்கு யார் பொறுப்பு?

அந்தக் கேள்வியை
அச்சில் அவள் பார்ப்பது அதுவே முதல் தடவை.
எவாரிஸ்தா கையெழுத்திட்டாள்.
பிறகு யோனெலின் அம்மா.
பிறகு பெரெக்ரினோ, கட்டைவிரலால்.
கோடு போதவில்லை.
தாளைத் திருப்பி
பின்பக்கமும் எழுதிக்கொண்டு போனார்கள்.